கல்லறைக் கற்களில் மஞ்சள் வளையம்

1

போன சனிக்கிழமை, சில்க்போர்க்கில் கடைக்குப் போய்ப் பால் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, பிளெமிங்கின் மனைவி எனக்கு நேரெதிரே நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு வெண்ணெய் அடுக்கியிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு மீன் பக்கம் போய்விட்டாள். இருபது வருடங்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய மிளகாய்க் கறி சாப்பிட்டவள். நானும் கூப்பிடவில்லை. என் வாயிலும் நல்ல சொல் எதுவும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கோப்பி போட்டபோதுதான், அந்தச் சம்பவம் நடந்து சரியாக ஒரு வருடம் என்பது உறைத்தது. இங்கே இதைப் பற்றிக் கதைக்க எனக்கு இப்போது ஆட்கள் குறைவு. அதனால் ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலருக்கும் கோபம் வரும். வரட்டும்.

2

நான் இருப்பது சில்க்போர்க்கில் என்றாலும் வேலை பக்கத்து நகரசபை ஒன்றின் தோட்டப் பகுதியில். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. டென்மார்க்குக்கு வந்த ஆரம்பத்தில் எங்களை ஸ்கீவ என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். பிறகு தொழிற்சாலை, பிறகு இந்த வேலை. புல் வெட்டுவது, வேலி நறுக்குவது, மரம் தறிப்பது, பனிக்காலத்தில் வழிகளுக்கு உப்புப் போடுவது.

வேலையைக் கற்றுத் தந்தவன் பிளெமிங். என்னை விட நான்கு வயது மூத்தவன். எங்கள் மகள் ஆரணி பிறந்த பனிக்காலத்தில் ஒரு பெட்டி நிறையக் குழந்தை உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து கதவில் நின்றவன். சிவநாதன் என்ற என் பெயரை முதல் நாளே பாதியாக வெட்டி 'நாத்தன்' ஆக்கியவனும் அவன்தான். யூதர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர் அது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த ஊரில் ஒரு சின்ன யூத மயானம் இருக்கிறது. நாற்பது கற்கள் அளவில் இருக்கும். இருநூறு வருடங்களுக்கு முன் அங்கே துணி விற்று வாழ்ந்த குடும்பங்களுடையவை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோபன்ஹேகனுக்குப் போய்விட்டார்கள். ஊரில் இப்போது ஒரு யூதரும் இல்லை. வியாழக்கிழமைகளில் நானும் பிளெமிங்கும்தான் அங்கே போகிறவர்கள்.

போன வருடம் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை நான் தனியே போனேன். பிளெமிங் சுகமில்லை என்று விடுப்பு எடுத்திருந்தான். படலையைத் திறந்ததும் மஞ்சள் தெரிந்தது. ஏழு கற்கள் சாய்ந்து கிடந்தன. சுவரில் 'கொலைகாரர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. நின்ற ஒவ்வொரு கல்லிலும் ஒரு வளையம், வளையத்தின் கீழே குறுக்காக ஒரு கோடு.

கிட்டப் போய் மணந்து பார்த்தேன். எங்கள் சாமான் அறையில் இருக்கிற ஸ்பிரே. தறிக்க வேண்டிய மரங்களுக்கு நாங்கள் அடையாளம் போடுகிறது. நானும் மற்றவர்களும் மரத்தில் பெருக்கல் குறி போடுவோம். வளையம் போட்டு, அதன் கீழே கோடு இழுக்கிறவன் எங்கள் பகுதியில் ஒருவன்தான்.

பொலிஸ் வந்தது. படம் எடுத்தார்கள். முறைப்பாட்டுப் படிவத்தில் 'பாதிக்கப்பட்டவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு' என்று ஒரு கேள்வி இருந்தது. கணவன், மனைவி, சகோதரம், அயலவர், சக ஊழியர் என்று கட்டங்கள். கடைசியில் 'உறவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். யார் செய்திருப்பார்கள் என்று ஏதாவது ஊகம் உண்டா என்று அந்தப் பெண் பொலிஸ் கேட்டாள். இல்லை என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், ஆனால் சொன்னது சொன்னதுதான்.

3

அடுத்த நாள் பிளெமிங் வேலைக்கு வந்தான். வேலைக்குப் போகிற வான் வண்டியை அவன் ஓட்ட, நான் பக்கத்தில். ஊரைத் தாண்டினோம். பிறகு அந்த வளையங்களைப் பற்றிக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"அது வெறும் கல், நாத்தன்," என்றான். "அங்கே யாரும் இல்லை. கீழே காஸாவில் குழந்தைகளைக் கொல்லுகிறார்கள். ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்கிறாயா?"

"அதை நானும்தான் பார்க்கிறேன். இங்கே படுத்திருக்கிறவர்கள் யாரைக் கொன்றார்கள்?"

அவன் வானை ஓரமாக நிறுத்தினான். என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தை விட ஆச்சரியம்தான் அதிகம். உனக்குத்தான் விளங்கும் என்று நினைத்தேன் என்றான். நீங்கள்தானே குண்டுக்குள் இருந்து ஓடி வந்தவர்கள் என்றான். பிறகு, தன் தொலைபேசியில் வருகிறவற்றை எனக்குக் காட்டத் தொடங்கினான். குழந்தைகளின் படங்களோடு நிற்கவில்லை அது. உலகத்து வங்கிகளெல்லாம் யார் கையில், நோய்களைப் பரப்புகிறது யார், எங்கள் நாட்டுச் சண்டையையே மூட்டிவிட்டது யார் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று ஜெர்மனில், ஒன்று டெனிஷில். மூக்கை வளைத்துக் கீறிய கேலிப்படங்கள். ஒரு குழந்தைக்காக அழத் தொடங்கியவன் எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தான் என்று எனக்கு விளங்கவில்லை. தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமைக்குள் நீயே போய்ச் சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். அவன் சிரித்தான்.

அன்று பின்னேரம் மனைவி சாந்தியிடம் சொன்னேன். முதியோர் இல்லத்தில் பகல் வேலை முடித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, உடுப்புக் கொண்டுவந்து தந்த மனுசன் என்றாள். அந்த ஒரு வசனத்தை மூன்று நாட்களும் வீட்டுக்குள் என் பின்னால் கொண்டுதிரிந்தாள்.

ஹேர்னிங்கில் இருக்கும் குணம் அண்ணை தொலைபேசி எடுத்தார். நெசவுத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கார்த்திகையில் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து மாவீரருக்கு விளக்கு வைக்கிற நிகழ்ச்சியை நடத்துகிறவர். மண்டபத்தில் கதிரை அடுக்க எப்போது வருவேன் என்று கேட்கத்தான் எடுத்தார். நான் வாய் தவறி மயானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார். "எங்கட சனத்துக்குக் குண்டு போட்ட கிபிர் எண்ட பிளேன் ஆர் செய்து குடுத்தது? இஸ்ரேல்காரன். எங்கட மாவீரர் துயிலுமில்லங்களை ஆமி புல்டோசரால உழுதபோது எந்த நாடு வந்து கேட்டது? உன்ர தம்பியின்ர கல்லையும்தானே தோண்டி எறிஞ்சவங்கள்."

ஓம், எறிந்தார்கள். அதன் மேல் முகாம் கட்டினார்கள். இப்போது என் தம்பி ரவி எந்தச் சமையலறைக்குக் கீழே கிடக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. குணம் அண்ணை சொன்ன எதுவும் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லச் சொல்ல எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. கல்லை எறிகிறது என்றால் என்ன என்று தெரிந்த மனிசன், எறிந்தவன் பக்கம் நின்று கதைக்கிறார். அந்தக் கற்களுக்குக் கீழே இருக்கிறவர்கள் விமானம் என்ற ஒன்று வருவதற்கு முதலே செத்தவர்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை எங்கள் பகுதிப் பொறுப்பாளர் லோனவின் அறைக்குப் போனேன்.

4

லோன நல்ல பெண் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எப்போதும் மேசையில் ஒரு மெழுகுதிரி எரியும். நான் சொல்லி முடித்ததும் அவள் முதலில் கேட்டது, இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று. பிறகு, வளையத்தை யாரும் வரையலாம் அல்லவா என்றாள். வேலைத்தலத்தில் நம்பிக்கை முக்கியம் என்றாள். ஒரு 'கலந்துரையாடல்' வைப்போம், நீயும் பிளெமிங்கும் நானும், கோப்பியோடு என்றாள்.

வெளியே வந்து நின்று பொலிஸுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். வியாழக்கிழமை நான் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த நாள் பிளெமிங்கை விசாரித்தார்கள். அவன் எல்லாவற்றையும் மறுத்தான். அவனை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கோப்பி அறையில் என் மேசை காலியாகிவிட்டது. ஒன்பது பேர் மற்ற மேசையில் முழங்கை இடிக்க நெருங்கி உட்கார்ந்தார்கள். நான் வந்தால் கதை நிற்கும். கையுறையைத் தேடினால் ஒருவரும் கண்டிருக்கமாட்டார்கள். கிளை அரைக்கிற இயந்திரத்தில் இருவராக வேலை செய்ய வேண்டும் என்பது விதி. எனக்கு இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. லோன அட்டவணையை மாற்றி, என்னைக் குப்பைத் தொட்டிகளுக்குப் போட்டாள்.

டிசம்பரில் ஒரு காலை என் உடுப்பு அலுமாரிக் கதவில் அதே மஞ்சளில் 'யூதன்' என்று எழுதியிருந்தது. டெனிஷில் நான்கு எழுத்து. பிளெமிங் வீட்டில்தான் இருக்கிறான். ஆகவே வேறு ஒருவன், இன்றைக்கு எனக்கு 'குட்மோர்ன்' சொன்ன ஒருவன். நான் அதைப் படம் எடுத்து லோனவுக்கு அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் கதவைக் கழற்றிப் புதியது மாட்டிவிட்டார்கள். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவை மாற்றியதற்கு நன்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்தாளோ தெரியாது, லோன எனக்கு ஒரு புன்னகைப் படம் அனுப்பியிருந்தாள்.

இந்த நாட்டில் முப்பது வருடங்களுக்கு மேல் என்னை எத்தனையோ சொல்லால் ஏசியிருக்கிறார்கள். கறுப்பன், பாகிஸ்தான்காரன் என்ற அர்த்தத்தில் 'பாக்கி', ஊருக்குப் போ. அவையெல்லாம் என்னைப் பார்த்துச் சொன்னவை. இது அப்படி இல்லை. ஊரில் ஒரு யூதரும் இல்லாதபடியால் அவர்களுக்கு ஒரு யூதன் தேவைப்பட்டான். என்னை எடுத்துக்கொண்டார்கள்.

5

ஜனவரியில் நகரசபைத் தகவல் பிரிவில் இருந்து ஒருவர் வந்தார். பல நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர்கள் யூத வெறுப்புக்கு எதிராக ஒன்று சேர்ந்திருக்கிறார்களாம். ஒரு நாட்டில் இருந்து கிளப்பிவிடுகிற பொய் இன்னொரு நாட்டில் கல்லை உடைக்கிறது, ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் தன் எல்லையில் நின்றுவிடுகிறது, அதனால் எல்லோரும் சேர்ந்து சட்டங்களை ஒத்துப்பார்க்கப் போகிறார்களாம். கோபன்ஹேகனில் கூட்டம். ஒரு நாள் நாங்கள் இருக்கிற யூலன் பக்கம் வந்து எங்கள் மயானத்தைப் பார்க்கிறார்கள். கற்களைக் கண்டுபிடித்த ஊழியர் மூன்று நிமிடம் பேசினால் நன்றாக இருக்கும் என்றார். பேச வேண்டியதைத் தாளில் எழுதியே தந்தார்.

ஆரணி அந்த வார இறுதியில் ஓஹூஸில் இருந்து வந்திருந்தாள். அங்கே படிக்கிறாள். சனிக்கிழமைகளில் பலஸ்தீனத்துக்கான ஊர்வலங்களுக்குப் போகிறவள். நான் தடுத்ததில்லை. எங்கள் சனம் சாகும்போது யாராவது இப்படி ரோட்டில் நடக்கமாட்டார்களா என்று ஏங்கியவன் நான்.

நான் தமிழில் கேட்க, அவள் டெனிஷில் பதில் சொல்ல, வழக்கம்போலத்தான் தொடங்கியது. பிளெமிங் செய்தது அசிங்கம் என்றாள். அவனைச் சிறையில் போட்டாலும் சரி என்றாள். ஆனால் இந்தப் பாராளுமன்றக்காரர்கள் நாளைக்கு என்னைக் காட்டி, ஊர்வலம் போகிற அவளையும் அவளுடைய நண்பர்களையும் வாயை மூடச் சொல்வார்கள் என்றாள்.

"அவர்கள் உங்களைப் பாவிக்கிறார்கள், அப்பா. உங்களுக்குக் கைதட்டல், எங்களுக்கு வழக்கு."

"உன்னை வாய் மூடச் சொன்னால் நானும் உன்னோட ரோட்டில வந்து நிப்பன். அது வேற, கல்லறையை உடைக்கிறது வேற."

"அதை அவர்களுக்கு டெனிஷில் சொல்லத் தெரியுமா உங்களுக்கு?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அவள் சொன்ன பயம் வீண் பயம் இல்லை என்று தெரிந்ததாலும் சுட்டது. நான் கதவை அடித்துச் சாத்தினேன். அவள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

6

பெப்ரவரியில் அவர்கள் வந்தார்கள். ஏழு பேர், கறுப்புக் கோட்டுகள், ஈர நிலத்துக்கு ஒவ்வாத சப்பாத்துகள். மேயர், லோன, தகவல் பிரிவுக்காரர், படம் எடுக்கிறவர். கற்களை அதற்கு முதல் வாரம்தான் ஒரு நிறுவனத்தைக் கொண்டு கழுவியிருந்தார்கள். வளையங்களின் நிழல் போல மெல்லிய மஞ்சள் இன்னும் தெரிந்தது.

அவர்களில் நரைத்த ஒருவர் 'நாத்தன்' என்றிருந்த என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து ஹீப்ருவில் வாழ்த்துச் சொன்னார். நான் சைவக்காரன் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மேயர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். முதல் பந்தி சரி. இரண்டாவது பந்தியில், 'இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் வேலைத்தலம் ஒரு குடும்பம் போல ஒன்றுசேர்ந்தது' என்று இருந்தது. அந்த வசனத்தை வாய்க்குள் எடுத்தேன். வெளியே வரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

இது உண்மை இல்லை என்றேன். அதன் பிறகு என்ன டெனிஷில் பேசினேன் என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வினையும் பெயரும் இடம் மாறியிருக்கும். காலியான மேசையைப் பற்றிச் சொன்னேன். அலுமாரிக் கதவைப் பற்றிச் சொன்னேன். என் தம்பியின் கல்லைப் பற்றியும் சொன்னேன். அப்போது எந்தப் பாராளுமன்றமும் இப்படிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கவில்லை என்றேன். என் மகள் போகிற ஊர்வலத்தையும் இந்த மஞ்சளையும் ஒரே சாக்கில் போடவேண்டாம், போட்டால் இரண்டுமே பிழையாகிப்போகும் என்றேன். மேயர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோனவின் கழுத்து சிவந்திருந்தது.

பெல்ஜியத்தில் இருந்து வந்த ஒரு பெண் உறுப்பினர் மட்டும் என்னிடம் நேரே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். எழுதுகிற கொப்பியைத் திறந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

"நீங்கள் சட்டம் செய்வீர்கள். பின்னேரம் கோபன்ஹேகனுக்குப் போவீர்கள். நாளைக்குக் காலையில் அந்தக் கோப்பி அறைக்குள் நான்தான் போக வேண்டும்."

நான் மரியாதையாகச் சொல்லவில்லை. அவளும் என்னை ஆறுதல்படுத்த முயலவில்லை. தங்கள் நாட்டில் இப்படி ஒரு சாட்சி இருந்தான், வேலைத்தலத்தில் தாங்கமுடியாமல் வாக்குமூலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான், கடுமையான சட்டம் வைத்திருந்தும் வழக்கு விழுந்தது என்றாள். என் தம்பியின் விஷயத்துக்குத் தன்னிடம் பதில் இல்லை என்றாள். பிறகு மேயரிடம் திரும்பி, எல்லோருக்கும் கேட்க, இந்த மனிதரின் வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டாள். அவர் லோனவைப் பார்த்தார். பெல்ஜியப் பெண் அதையும் கொப்பியில் எழுதினாள்.

அடுத்த வாரம் நான் குப்பைத் தொட்டிகளில் இருந்து திரும்பத் தோட்டத்துக்கு வந்தேன். இரண்டாவது ஆளும் கிடைத்தான். அவன் என்னோடு பேசுவதில்லை, ஆனால் இயந்திரத்தின் மறுபக்கத்தில் நிற்கிறான். கோடையில் அந்த உறுப்பினர்களின் கூட்டறிக்கை தபாலில் வந்தது. தடித்த புத்தகம். அதன் நடுவில், வேலைத்தலத்தில் இருந்து இப்படியான குற்றத்தை அறிவிக்கிறவர்களை அந்தந்த நாடு காப்பாற்ற வேண்டும் என்று இரண்டு வரிகள். சாந்தி வாசித்துவிட்டு, இதில் உங்கட பேர் இல்லையே என்றாள். இல்லாதது நல்லது என்றேன்.

குணம் அண்ணை என்னோடு கதைப்பதில்லை. அவங்கட கூட்டத்தில் போய் எங்கட பிள்ளைகளைக் காட்டி இரக்கம் வாங்கினவன் என்று ஹேர்னிங் முழுவதும் சொல்லியிருக்கிறார். இந்தக் கார்த்திகைக்கு என்னை மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை. ரவிக்கு வீட்டில்தான் விளக்கு வைப்பேன். ஆரணி இப்போது தாய்க்குத்தான் தொலைபேசி எடுக்கிறாள். பக்கத்தில் நான் நிற்பது தெரிந்தால் குரலைத் தணிக்கிறாள்.

7

வழக்கு மே மாதம் நடந்தது. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பிளெமிங் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஒத்திவைத்த சிறைத் தண்டனை கிடைத்தது. வேலை போனது. அலுமாரியில் எழுதியவன் இன்னும் எங்களோடு வேலை செய்கிறான். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு காலையும் ஒன்பது முகங்களைப் பார்க்கிறேன்.

அன்று நீதிமன்ற நடைபாதையில் என்னைக் காத்திருக்கச் சொன்னார்கள். எதிர் வாங்கில் பிளெமிங் உட்கார்ந்திருந்தான். அவனுடைய சட்டத்தரணி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அவன் மெலிந்திருந்தான். நல்ல சட்டை, கழுத்துப்பட்டி. அவனுக்கு அது பொருந்தவில்லை. எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடிக்கும். வரவில்லை. அந்தக் கைகள் எத்தனை வளையம் போட்டிருக்கும் என்றுதான் பார்த்தேன்.

அவன் முன்னால் குனிந்து, இருபது வருடமாக வானுக்குள் கதைத்த அதே குரலில் கேட்டான்.

"ஒன்று மட்டும் சொல், நாத்தன். இதை உங்கள் ஆள் ஒருவன் செய்திருந்தால், ஒரு தமிழன், அவனையும் காட்டிக் கொடுத்திருப்பாயா?"

"ஓம்," என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஆம்' என்கிற சொல், என்னையறியாமல் தமிழில் வந்துவிட்டது.

டெனிஷில் 'ஓம்' என்றும் ஒரு சொல் இருக்கிறது. இப்படியா அப்படியா என்று சந்தேகத்தோடு வசனம் தொடங்குகிற சொல். 'அவன் வருவானா என்று தெரியாது' என்பதில் வருகிற அந்த 'ஆ'. பிளெமிங் அதைத்தான் கேட்டான். மிச்ச வசனத்துக்காகக் காத்திருந்தான். நான் பேசாமல் இருக்க இருக்க அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தான்.

திருத்தியிருக்கலாம். ஒரு சொல் போதும். ஆனால் அந்தக் கணத்தில் குணம் அண்ணையின் முகம் வந்தது. மண்டபத்தில் கதிரை அடுக்குகிற பெடியள் எல்லோரின் முகமும் வந்தது. செய்தவன் அவர்களில் ஒருவனாக இருந்திருந்தால் மூன்று நாளில் லோனவின் கதவைத் தட்டியிருப்பேனா, மூன்று மாதத்திலா, தட்டாமலே விட்டிருப்பேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கதவு திறந்தது. என் முழுப் பெயரையும் யாரோ உடைத்து உடைத்து வாசித்தார்கள். நான் எழுந்து உள்ளே போனேன். இங்கே உண்மையை மட்டும்தான் சொல்ல வேண்டும், அது விளங்குகிறதா என்று நீதிபதி கேட்டார்.

"யா," என்றேன், டெனிஷில், கடைசி வாங்கு வரை கேட்கும்படி.